நாடக ஒத்திகைக்கு முன்னால் பிள்ளைகளோடு என்ன விளையாடலாம்?

மதுரையை அடுத்த மேலூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியராக இருக்கிறீர்கள். 9 முதல் 11 வரை படிக்கும் 22 பிள்ளைகளை வைத்துக் கலைத் திருவிழாவுக்கு ஒரு நாடகம் தயார் செய்கிறீர்கள். ஊர்க் கண்மாயை ஆக்கிரமிப்பதுதான் கதை. பள்ளி விட்ட பிறகு 1 மணி நேரம் கிடைக்கிறது, இடம் வேப்பமரத்தடியும் வராண்டாவும். பிள்ளைகள் வசனத்தை ஒப்பிக்கிறார்கள், வரிசையாக நின்று நேரே பார்த்துக் கத்துகிறார்கள், பையன்களும் பெண் பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. தேடினால் நூற்றுக்கணக்கில் விளையாட்டுகள் வருகின்றன, இதில் எதை எடுப்பது, எவ்வளவு நேரம் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1 மணி நேரத்தில் 20 நிமிடம் விளையாட்டுக்குப் போதும். தினம் ஒரு புது விளையாட்டு வேண்டாம். நாலைந்து விளையாட்டுகளை எடுத்துக்கொண்டு அவற்றையே வாரக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். எதை எடுப்பது என்பதை உங்கள் ஒத்திகையில் என்ன குறை இருக்கிறதோ அதுதான் தீர்மானிக்க வேண்டும். உங்கள் பிள்ளைகளின் குறை ஒன்றுதான், எதிரே இருப்பவர் பேசுவதை அவர்கள் கேட்கவில்லை. கத்துவது, ஒப்பிப்பது, முகம் பார்க்காதது எல்லாம் அதிலிருந்து வருகிறவை. அதனால் கேட்க வைக்கிற, பார்க்க வைக்கிற விளையாட்டுகளை மட்டும் எடுங்கள். முகபாவம் காட்டும் பயிற்சி, நவரசம் காட்டும் போட்டி எதுவும் இப்போதைக்கு வேண்டாம். கோபத்தைக் காட்டு என்றால் பிள்ளை புருவத்தை நெரிக்கும், அவ்வளவுதான். எதிரில் இருப்பவன் சொன்னது காதில் விழுந்தால் கோபம் தானாக வரும்.

உடம்பிலிருந்து தொடங்குங்கள். மாலை 4 மணிக்கு மேல் பிள்ளைகள் பசியோடும் களைப்போடும் வருவார்கள். ஒரு கைப்பிடி சுண்டலோ இரண்டு பிஸ்கட்டோ, ஒரு டம்ளர் தண்ணீரோ கொடுத்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. துப்பட்டாவைக் குறுக்காக இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். மரத்தடியில் கல், முள், ஆணி கிடக்கிறதா என்று இரண்டு பேர் முன்னதாகப் பார்த்துவிடட்டும். கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள், தாடை என்று கீழிருந்து மேலாக ஒவ்வொரு மூட்டையும் மெதுவாகச் சுழற்றினால் 3 நிமிடம் ஆகும். கழுத்தை மட்டும் முழு வட்டமாகச் சுற்ற விடாதீர்கள். ஒரு தோளிலிருந்து நெஞ்சு வழியாக மறு தோள் வரை அரை வட்டம் போதும். சிமெண்ட் தரையில் குதிக்கிற எதையும் தவிர்த்துவிடுங்கள், குதிக்க வேண்டுமானால் மண் தரைக்குப் போங்கள். உடம்புக்கு முடியாத நாளில் ஒரு பெண் பிள்ளை காரணம் சொல்லாமலே ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம் என்பதை முதல் நாளே எல்லோர் முன்னாலும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் நடை. இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். 22 பேரும் மரத்தடி முழுக்க நடக்க வேண்டும். வட்டமாகச் சுற்றக் கூடாது, எங்கே ஆள் இல்லையோ அங்கே போக வேண்டும், யார் மேலும் இடிக்கக் கூடாது. சித்திரைத் திருவிழாவின்போது மாசி வீதியில் அந்தக் கூட்டத்துக்குள் இடித்துக்கொள்ளாமல் நுழைந்து போவார்களே, அந்த நடை. இரண்டு நாள் பழகிய பிறகு விதியைக் கூட்டுங்கள். யாராவது ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும், யாராவது ஒருவர் நகர்ந்தால் எல்லோரும் நகர வேண்டும். யார் நிற்கப் போகிறார் என்று நீங்கள் சொல்லக் கூடாது, அவர்களும் சைகை காட்டக் கூடாது. முதல் நாள் கடைசி ஆள் நிற்பதற்குள் ஒரு யுகம் ஆகிவிடும். விடாமல் செய்தால் ஒரு வாரத்தில் ஏறக்குறைய ஒரே நொடியில் நிற்கத் தொடங்குவார்கள். அன்றைக்கே ஒத்திகையில் அவர்கள் நிற்கிற விதம் மாறியிருப்பதைப் பார்ப்பீர்கள். வரிசையாக நிற்பது தானாகக் கலையும், ஏனென்றால் காலி இடத்தைத் தேடிப் போகும் பழக்கம் காலுக்கு வந்திருக்கும்.

உங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏற்கனவே ஆடுகிற விளையாட்டுகளைச் சின்னதாக நினைக்காதீர்கள். நாடக விளையாட்டு என்று இன்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கப்படுவதில் பெரும் பகுதிக்கு வேர், அமெரிக்காவின் சிகாகோ நகரில் வயோலா ஸ்போலின் செய்த வேலை. 1906 முதல் 1994 வரை வாழ்ந்தவர். நீவா பாய்ட் என்ற ஆசிரியரிடம் மரபு விளையாட்டுகள் வழியாகக் குழந்தைகளோடு வேலை செய்யக் கற்றுக்கொண்டு, பல நாடுகளிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதை நடிப்புப் பயிற்சியாக மாற்றினார். நூலாக அது 1963இல் வந்தது. அவர் கையில் எடுத்தது தெருவில் ஆடுகிற விளையாட்டைத்தான். நம்மிடம் அதற்குப் பஞ்சமா? கொல கொலயா முந்திரிக்கா ஆடும்போது முதுகுக்குப் பின்னால் யார் போகிறார்கள் என்று காதால் பார்க்கிறார்கள். கல்லா மண்ணாவில் நிற்கிற தரையே ஒரு நொடியில் வேறு பொருளாக மாறிவிடுகிறது, மேடையில் வெறும் பெஞ்சைக் கண்மாய்க்கரையாக நம்புவதற்கு இதைவிட என்ன பயிற்சி வேண்டும்? ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள். தோற்றவர் வெளியே போக வேண்டும் என்கிற விதியை எடுத்துவிடுங்கள். அந்த விதி இருந்தால் முதலில் வெளியேறி உட்காருவது எப்போதும் கூச்சப்படுகிற பிள்ளைதான். பயிற்சி தேவைப்படுவதும் அந்தப் பிள்ளைக்குத்தான்.

மூச்சுக்குக் கபடியைவிடச் சிறந்த ஆசான் கிடையாது. பாடிப் போகிறவர் ஒரே மூச்சில் பாட வேண்டும், கால் ஓட வேண்டும், கண் ஏழு பேரைப் பார்க்க வேண்டும். நடிகரின் வேலையும் இந்த மூன்றும்தானே. முதலில் நின்ற இடத்திலேயே, வயிற்றில் கை வைத்து, மூச்சை இழுத்துத் தணிந்த குரலில் ‘கபடி கபடி’ என்று மூச்சு தீரும் வரை சொல்லட்டும். மார்பும் தோளும் தூக்கிக்கொள்ளாமல் வயிறு விரிகிறதா என்று பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். அடுத்த நாள் நடந்துகொண்டே. அதற்கடுத்து, கபடிக்குப் பதில் நாடகத்திலிருந்து ஒரு நீளமான வசனம். மூச்சு எங்கே முடிகிறது, வாக்கியத்தை எங்கே நிறுத்தினால் அர்த்தம் கெடாது என்பது அவர்களுக்கே தெரிய வரும்.

குரலைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘சத்தமா, இன்னும் சத்தமா’ என்று சொல்லிச் சொல்லித்தான் பிள்ளைகள் கத்தப் பழகுகிறார்கள். கத்தினால் வார்த்தை உடையும், தொண்டை கட்டும். வாயை மூடி ‘ம்ம்’ என்று உதடு அதிரும்படி 1 நிமிடம் முனகட்டும், அந்த முனகலை அப்படியே திறந்து ஆ, ஈ, ஊ என்று விடட்டும். பிறகு ஜோடியாகப் பிரிந்து எதிரெதிரே நின்று வசனம் பேசிக்கொண்டே ஒவ்வோர் அடியாகப் பின்னால் போக வேண்டும், எதிராளிக்குக் கேட்காவிட்டால் அவர் கையைத் தூக்குவார். யாருக்குக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால் குரல் கத்தாமலே நீளும். தொண்டை வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைக்கு அது வாயசைத்து மட்டும் நடிக்கட்டும். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

பையன்களில் பலருக்கு இப்போது மகரக்கட்டு நேரம். குரல் திடீரென்று கீச்சிடும், பிளக்கும், மற்றவர்கள் சிரிப்பார்கள். மதுரைக்கு இது பழைய சங்கதி. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார், சிறுவர்களே எல்லா வேடமும் கட்டிய சபை அது. பாட்டையே நம்பியிருந்த பாலர் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்த பையனுக்கு அதுவரை கட்டிய வேடம் கைவிட்டுப் போகும். உங்கள் நாடகத்தில் அந்த நெருக்கடி எதுவும் இல்லை. அந்தப் பையனை உச்சத்தில் பேசச் சொல்லாதீர்கள், இயல்பாகக் குரல் எங்கே தங்குகிறதோ அந்தச் சுருதியிலேயே வசனம் போகட்டும்.

நாக்குக்கு நம்மிடம் இருக்கிற நாப்பிறழ் வாக்கியங்களே போதும். ‘யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை’ வேகத்துக்கு. ‘வியாழக்கிழமை ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தான்’ ழகரத்துக்கு. முதலில் குரலே இல்லாமல், உதடும் நாக்கும் மட்டும் மிகைப்பட அசையும்படி மெதுவாக. பிறகு கிசுகிசுப்பாக. வேகம் கடைசியில்தான். ஆனால் பிள்ளைகளின் மேலூர்ப் பேச்சைச் செய்தி வாசிப்பவரின் தமிழாக மாற்றிவிடாதீர்கள். நாக்கு சுத்தமாகப் புரள வேண்டும், பேச்சு அவர்கள் ஊர்ப் பேச்சாகவே இருக்க வேண்டும். கண்மாயைப் பற்றிய நாடகத்தில் மடையும் கலுங்கும் கரையும் அவர்கள் வாயில் வருகிற மாதிரி வேறு யார் வாயிலும் வராது.

பையன்களும் பெண் பிள்ளைகளும் முகம் பார்க்காததற்குக் கண்ணாடி விளையாட்டு நல்ல மருந்து. இரண்டு பேர் இரண்டு கை தூரத்தில் எதிரெதிரே நிற்க வேண்டும், தொடுவது கிடையாது. ஒருவர் மிக மெதுவாக அசைய, மற்றவர் அவருடைய பிம்பமாக அசைய வேண்டும். எதிராளியை ஏமாற்றுவது இதில் வெற்றி ஆகாது, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு யார் ஆள், யார் பிம்பம் என்று தெரியக் கூடாது, அதுதான் குறி. பார்வை கையில் போகக் கூடாது, கண்ணிலேயே இருக்க வேண்டும். முதல் சில நாள் ஆணோடு ஆண், பெண்ணோடு பெண் என்றே விடுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். பிறகு ஒரு நாள் ‘உங்களுக்கு எதிரே இப்போது யார் நிற்கிறாரோ அவரோடு’ என்று நடையின் நடுவிலேயே நிறுத்தி ஜோடி சேர்த்துவிடுங்கள். அந்த நேரத்துக்குள் எல்லோருக்கும் விளையாட்டின் விதி மேல் கவனம் போயிருக்கும், கூச்சம் பின்னால் தள்ளிப் போகும். இன்னும் பழகியதும், யார் முன்னோடி என்று தீர்மானிக்காமலே இருவரும் சேர்ந்து அசையச் சொல்லுங்கள். பார்க்கவே அழகாக இருக்கும்.

எண்ணிக்கை விளையாட்டும் இதே குடும்பம்தான். எல்லோரும் வட்டமாக நின்று தரையைப் பார்க்க வேண்டும். யாராவது ஒருவர் 1 என்பார், வேறு யாராவது 2 என்பார், இப்படி 20 வரை போக வேண்டும். வரிசை கிடையாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டால் மறுபடியும் 1. 22 பேர் என்பது இதற்கு அதிகம், 11 பேராகப் பிரித்துத் தொடங்குங்கள். முந்திக்கொள்கிற பிள்ளை பொறுக்கக் கற்கும், பேசாத பிள்ளை இடம் பார்த்து நுழையக் கற்கும்.

இனி உங்கள் நாடகத்துக்கு நேரடியாக உதவுகிற ஒன்று. மதுரை வட்டாரத்தில் ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்து அந்த ஒரு இரவுக்காக வரவழைக்கப்படும் நடிகர்கள், சேர்ந்து ஒத்திகையே பார்க்காமல் வள்ளி திருமணம் போடுகிறார்கள். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் மணிக்கணக்கில் போகும். எழுதி வைத்த வசனத்தால் மட்டும் அது ஓடுவதில்லை. எதிராளி விட்ட கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்தே பதிலை எடுக்கிறார்கள், கூட்டம் கைதட்டுகிறது. இதையே விளையாட்டாக்குங்கள். அந்தாதிப் பேச்சு. எதிராளியின் கடைசிச் சொல்லில்தான் என் பேச்சு தொடங்க வேண்டும். உங்கள் கதையை வைத்தே இப்படிப் போகலாம்:

“கண்மாய்க்குள்ள வேலி போட்டது யாரு?”
“யாருன்னா கேக்குறீங்க? எங்கப்பாதான். பட்டா இருக்கு.”
“இருக்குன்னா எடுத்துக் காட்டுங்க பாப்போம்.”
“பாப்போம்னு சொல்ல நீங்க என்ன தாசில்தாரா?”
“தாசில்தாரைத்தான் நாளைக்குக் கூட்டிட்டு வரப்போறோம்.”

இந்த விதி இருக்கும்போது தன் வசனத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு நிற்க முடியாது, கடைசிச் சொல் வரும் வரை காத்திருந்தே ஆக வேண்டும். ஜோடி ஜோடியாக 5 நிமிடம் ஆடியதும், இடைவெளி விடாமல் அதே ஜோடியை உங்கள் நாடகத்தின் ஒரு காட்சியைப் பேசச் சொல்லுங்கள். எழுதிய வசனம்தான், ஆனால் பேசுவதற்கு முன் எதிராளியின் கடைசிச் சொல்லை உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிக்கொள்ள வேண்டும். ஒப்பிப்பது அங்கேயே உடையத் தொடங்கும். பிள்ளைகள் விளையாடும்போது சொன்ன வரிகளில் நல்லவை இருந்தால் கூச்சப்படாமல் நாடகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உறைநிலைக் காட்சியும் உங்களுக்குக் கை கொடுக்கும். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் (1931–2009) தன் வேலையின் மையத்தில் வைத்தவற்றில் இதுவும் ஒன்று. ஐந்தாறு பேராகப் பிரிந்து, பேசாமல், ‘கண்மாய் நிறைந்திருந்த காலம்’ என்று ஒரு சிலைக் கோலம் அமைக்கட்டும். அடுத்து ‘இன்றைய கண்மாய்’. மூன்றாவதாக, முதல் கோலத்திலிருந்து இரண்டாவதுக்கு எப்படி வந்தோம் என்று மிக மெதுவாக நகர்ந்து காட்டட்டும். ஒருவர் மற்றவரைச் சிலையாக வடிக்கும்போது தொட வேண்டியதில்லை, தன் உடம்பில் செய்து காட்டினால் அவர் பார்த்துச் செய்வார். இதிலிருந்து இயக்குநரான உங்களுக்கு மேடை அமைப்பு இலவசமாகக் கிடைக்கும்.

இந்த மாதிரிப் பயிற்சிகள் நம் பக்கத்துக்குப் புதியவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற வழியில் இருக்கும் காந்திகிராமத்தில் 1977இலேயே நவீன நாடகப் பயிற்சிப் பட்டறை நடந்தது, சே. இராமானுஜம் அதில் முக்கியமான ஆசிரியர். அடுத்த ஆண்டு மதுரையில் மு. இராமசாமி நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். கல்லூரிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்து உடம்பையும் குரலையும் பழக்கி நாடகம் செய்கிற வழக்கம் இந்த ஊரில் ஒரு தலைமுறைக்கு மேலாக இருக்கிறது. உங்கள் ஊரில் ஒயிலாட்டம் கட்டத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் ஒரு நாள் கூப்பிட்டு, கைக்குட்டை பிடித்து வரிசையில் அடி எடுத்து வைக்கச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். கூட்டமாக ஒரே தாளத்தில் நகர்வதற்கு நான் வேறு பயிற்சியைத் தேட மாட்டேன்.

ஒரு விளையாட்டில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மேல்நிலை, கீழ்நிலை ஆடுவது என்று ஒன்று உண்டு, கீத் ஜான்ஸ்டன் என்ற நாடக ஆசிரியர் பரப்பியது. ஒரு பெஞ்ச், அதில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் மனுவோடு வருவார். யார் உட்காருகிறார், யார் நிற்கிறார், யார் யாரை ‘ஐயா’ என்கிறார், யார் கண்ணைத் தாழ்த்துகிறார் என்பதை மாற்றி மாற்றி ஆட வேண்டும். உங்கள் கதைக்கு இது பொருத்தமானதுதான், தலைவரும் மனு கொடுப்பவரும் அதில் இருக்கிறார்களே. ஆனால் யார் திண்ணையில் உட்காரலாம், யார் வாசலில் நிற்க வேண்டும் என்பதை நம் பிள்ளைகள் விளையாட்டாகத் தெரிந்து வைத்திருக்கவில்லை, சாதியாக, உடம்பில் பட்ட வலியாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நிற்கிற வேடம் ஊரில் நிற்க வைக்கப்படுகிற வீட்டுப் பிள்ளைக்கே போய்ச் சேர்ந்தால் அது விளையாட்டே இல்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டு வேடத்தைக் கொடுங்கள், 2 நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள், எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் விளையாட்டு முடிய வேண்டும். நிறம், உருவம், வீட்டுத் தொழில் பற்றிக் கேலி வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். உங்களுக்கே தயக்கம் இருந்தால் இந்த விளையாட்டைத் தொட வேண்டாம், நாடகம் ஒன்றும் குறைந்துவிடாது.

பின்னால் சாய்ந்து விழ, மற்றவர் தாங்கிப் பிடிக்கும் நம்பிக்கை விளையாட்டையும் விட்டுவிடுங்கள். சிமெண்ட் தரை, ஒரே ஒரு ஆசிரியர், 22 பிள்ளைகள், இதில் அது தேவையில்லாத ஆபத்து. நம்பிக்கைதான் வேண்டும் என்றால், கண்ணை மூடிய ஒருவரை ஜோடி தன் குரலால் மட்டும் மெதுவாக நடத்திப் போகட்டும், பாதிப் பேர் ஆட, மீதிப் பேர் மரத்தையும் வராண்டா விளிம்பையும் சுற்றிக் காவலாக நிற்கட்டும்.

விளையாட்டு முடிந்ததும் ‘எப்படி இருந்தது’ என்று கேட்டால் ‘சூப்பர் சார்’ என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். ‘யார் அசைந்ததை நீ முதலில் பார்த்தாய்?’ என்பது போல ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இரண்டு வாரம் கழித்து விளையாட்டை நடத்தும் பொறுப்பை முறை வைத்துப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள், நீங்களும் ஓர் ஆளாக உள்ளே நின்று ஆடுங்கள். சார் தப்பாக எண்ணி எல்லோரும் 1இலிருந்து ஆரம்பிக்க வேண்டி வந்தால் அவர்களுக்கு வரும் சந்தோஷமே தனி, தப்பு செய்யும் பயமும் அன்றோடு பாதி போய்விடும்.

போட்டி நாளில் மேடைக்குப் பின்னால் இடமும் இருக்காது, அமைதியும் இருக்காது. அங்கே ஓடியாடுகிற எதுவும் வேண்டாம். மூட்டுகளை அசைத்து, வாய் மூடி முனகி, கண்ணாடி 2 நிமிடம், எண்ணிக்கை ஒரு சுற்று, 10 நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அங்கே நிற்கும் மைக்கைப் பார்த்ததும் எல்லோரும் அதை நோக்கி ஓடுவார்கள், வரிசை மறுபடி வந்துவிடும். அதனால் கடைசி வாரம் முழுக்க மரத்தடியில் இரண்டு கம்பை மைக்காக நட்டு வைத்து ஒத்திகை பாருங்கள், எந்த வசனத்துக்கு யார் கம்பின் அருகே வர வேண்டும் என்பதையும் சேர்த்தே பழக்கிவிடுங்கள்.